பாழ்மனையில் ஒரு டிடெக்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் விடுமுறை நாள் வந்துவிட்டால் மெட்டல் டிடெக்டரோடு பாழடைந்த பண்ணை மனைகளைத் தேடிக் கிளம்புகிறவர்கள் ஏராளம். இடிந்த புகைபோக்கி, தூர்ந்துபோன கிணறு, ஆளில்லாத முற்றத்தில் வருடா வருடம் பூத்துக்கொண்டிருக்கும் லைலாக் செடி. இவை கண்ணில் பட்டால் அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தேடலைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகள் பல. அவற்றால் தேடுகிறவருக்கு ஏமாற்றம் வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டின் கதையே அழிந்துபோவதுதான் பெரிய இழப்பு.

“பழைய வீடென்றால் புதையல் நிச்சயம்”

இந்த ஆசைக்குத் தீனி போட்டது 2013-இல் கலிபோர்னியாவில் கிடைத்த ‘சாடில் ரிட்ஜ்’ புதையல். சியரா நெவாடா மலைப்பகுதியில் ஒரு தம்பதி தங்கள் சொந்த நிலத்தில் நாயுடன் நடந்துபோனபோது, துருப்பிடித்த தகர டப்பாவின் விளிம்பு மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அங்கே மொத்தம் 8 டப்பாக்கள் கிடைத்தன. உள்ளே 1,427 தங்க நாணயங்கள், எல்லாம் 1847 முதல் 1894 வரை அச்சானவை. அவற்றின் விலை சுமார் 1 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். முதல் டப்பாவைக் காட்டிக்கொடுத்தது வெறுங்கண். கருவி பிறகுதான் வந்தது. நாடெங்கும் செய்தியாகும் அளவுக்கு அது அபூர்வம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பெரும்பாலான பண்ணை மனைகளின் பின்னணி வேறு. 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தின்படி, 5 ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமாகும். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். இப்படி ஏறத்தாழ 16 லட்சம் பேருக்குப் பட்டா கிடைத்தது. கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம்தான் அதில் பெரும்பகுதி. குடியேறியவர்களில் பலரும் இல்லாதப்பட்டவர்கள். கையில் வந்த காசு விதைக்கும் கலப்பைக்கும் மாட்டுக்கும் போனது. ஜாடியில் போட்டுப் புதைக்க மிச்சம் ஏது?

ஆகவே அந்த முற்றங்களில் கிடைப்பவை பித்தளைப் பட்டன், தையல் விரலுறை, வளைந்த ஸ்பூன், குதிரை லாடம், சேணத்து பக்கிள், ஈயக் குண்டு. அடிக்கடி கிடைக்கும் இன்னொன்று, வாயால் ஊதி வாசிக்கும் ஹார்மோனிகாவின் உள்தகடு. மரச்சட்டம் மக்கிப் போயிருக்கும். சின்னச் சின்ன உலோக நாக்குகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை முடிந்த மாலைகளில் அந்த வீட்டில் யாரோ வாசித்திருக்கிறார்கள். விலைக்குப் போகாத அந்தத் தகடு, அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வெள்ளிக் காசைவிட அதிகம் சொல்கிறது.

“தங்கம் இருந்தால் கருவி சொல்லிவிடும்”

சொல்லாது. டிடெக்டரின் சுருளில் மாறிமாறிப் பாயும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்சுழல்கள் எழும்பி, பதிலுக்கு ஒரு புலத்தை உண்டாக்கும். பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைக் கொண்டு கருவி ஓர் எண்ணைத் திரையில் காட்டுகிறது. பொருளின் கடத்துதிறன், பருமன், கிடக்கும் கோணம் எல்லாம் கலந்த எண் அது. உலோகத்தின் பெயர் அதில் இல்லை. மெல்லிய தங்க மோதிரத்துக்கு வரும் அதே எண், பீர் டப்பாவிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையத்துக்கும் வரும். 1960-களில் பரவி 1970-களின் பிற்பாதியில் வழக்கொழிந்த அந்த வளையங்கள் அமெரிக்க மண்ணெங்கும் இறைந்து கிடக்கின்றன. தங்கத்தைத் தவறவிடக் கூடாதென்றால் அவற்றையெல்லாம் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆழமும் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. காசு அளவுள்ள பொருளைச் சாதாரணக் கருவி ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைக்கும் உணரும். மண்ணில் இரும்புத் தாதுவோ உப்போ கூடுதலாக இருந்தால் அதுவும் குறையும். பீங்கான், கண்ணாடி, எலும்பு, செங்கல் ஆகியவை அதன் காதில் விழவே விழா.

கருவி தடுமாறிய கதை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்கருவியைக் கொண்டுவந்தார். கட்டில் மெத்தையின் எஃகுச் சுருள்கள் ஒலியைக் குழப்பின. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய தலைமை மருத்துவர், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட இடம் கொடுத்தார். செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் கிடந்தது.

“இரும்பு குப்பை, வடிகட்டிவிடலாம்”

இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகத் திருத்த வேண்டும். இரும்பின் ஒலியை அமுக்கிவிடும் வசதி இன்றைய கருவிகளில் உண்டு. பழைய மனையில் நடக்கும்போது ஆணிகள் இடைவிடாமல் கத்தும் என்பதால் பலர் முதலில் அமுக்குவது அந்தப் பொத்தானைத்தான். ஆனால் வீடு எங்கே நின்றது, எப்போது கட்டினார்கள், எப்படிப் போனது என்று சாட்சி சொல்வது அந்த ஆணிதான்.

ஓர் ஆணியைக் கையில் எடுத்து, மண்ணை விரலால் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் முனை நோக்கிக் கூம்பி, தலையில் சுத்தியல் பட்ட முகங்கள் தெரிந்தால் அது கொல்லன் கையால் அடித்த ஆணி. 1800 வரை அதுவே பெருவழக்கு. இரண்டு பக்கம் மட்டும் கூம்பி, மற்ற இரண்டு பக்கம் இணையாக ஓடி, முனை மழுங்கி இருந்தால் இரும்புத் தகட்டிலிருந்து எந்திரம் வெட்டியது; 19-ஆம் நூற்றாண்டின் ஆணி அது. உருண்டையான தண்டு என்றால் எஃகுக் கம்பியில் செய்தது. 1890-களில் அது சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஒரே மனையின் நடுவில் வெட்டாணியும் ஓரத்தில் கம்பி ஆணியும் கிடைத்தால், வீடு முதலில் எழும்பி, தாழ்வாரம் பின்னால் சேர்ந்திருக்கலாம். ஒரே ஓர் ஆணியை வைத்து முடிவு கட்ட முடியாது. கழற்றிய ஆணியை நிமிர்த்தி மறுபடி அடிப்பது அன்றைய வழக்கம். ஆணி அவ்வளவு அருமையாக இருந்த காலம் அது. குடிபெயர்கிறவர்கள் ஆணி பொறுக்குவதற்காகவே வீட்டைக் கொளுத்துவதைத் தடுக்க, 1645 வாக்கில் வர்ஜீனியாவில் சட்டம் போட்டார்கள். கொளுத்தாமல் போகிறவருக்கு அந்த வீட்டில் இருக்கும் அளவுக்கு ஆணி ஈடாகக் கிடைக்கும்.

ஆணிக்குப் பின்னால் மனிதர்களும் இருக்கிறார்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1794-இல் மான்டிசெல்லோ பண்ணையில் தொடங்கிய ஆணிப் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர்கள் அடிமைச் சிறுவர்கள். இரும்பின் ஒலியை அமுக்கினால் இவை எல்லாமே காதுக்கு எட்டாமல் போகும்.

“கனமான பொருள் தானாக மண்ணில் அமிழும்”

ஆழத்தில் கிடப்பதே பழையது என்ற கணக்கும் இதிலிருந்து பிறந்ததுதான். பெரும்பாலும் பொருள் இறங்குவதைவிட அதன் மேல் மண் ஏறுவதே நடக்கிறது. சார்லஸ் டார்வின் தன் வீட்டருகே 1842-இல் வயலில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பிவைத்தார். 29 ஆண்டுகள் கழித்துக் குழி வெட்டியபோது அவை 7 அங்குல ஆழத்தில் ஒரு கோடாகத் தெரிந்தன. மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளிய வேலை அது. இதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1881-இல் வந்தது. புழு, சருகு, வெள்ளம், ஏர் எல்லாம் இடத்துக்கு இடம் வேறுபடும். உழுத நிலத்தில் 200 ஆண்டுக் காசும் நேற்று விழுந்த காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

“தொல்லியலாளருக்கு டிடெக்டர் என்றாலே பகை”

மேரிலாண்டில் நடந்தது இதற்கு நல்ல பதில். அடிமைத்தளையிலிருந்து தப்பி, திரும்பத் திரும்ப வந்து பலரை மீட்டுச் சென்ற ஹாரியட் டப்மனின் தந்தை பென் ராஸ், டார்செஸ்டர் கவுண்டியில் மரம் வெட்டும் வேலையைக் கவனித்தவர். எஜமானரின் உயிலின்படி விடுதலையும் 10 ஏக்கர் அனுபவ உரிமையும் பெற்றவர். அவர் குடிசை எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2020-இல் தொல்லியலாளர் ஜூலி ஷேப்லிட்ஸ்கியின் குழு, பிளாக்வாட்டர் வனவிலங்குப் புகலிடத்தின் சதுப்புக் காட்டில் ஏராளமான சோதனைக் குழிகளை வெட்டியும் துப்புக் கிடைக்கவில்லை. பிறகு பழைய பாதையோரம் டிடெக்டரை ஓட்டியபோது ஒரு காசு சிக்கியது. அதில் இருந்த ஆண்டு 1808.

காசு வழிதான் காட்டியது. அங்கே ஒரு வீடு இருந்தது என்று காட்டியவை அடுத்த குழிகளில் வந்த செங்கல், கண்ணாடி, 19-ஆம் நூற்றாண்டுப் பீங்கான் ஓடுகள், ஒரு பட்டன். இவற்றைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, 2021 ஏப்ரலில் இது பென் ராஸின் குடிசை இருந்த இடம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே யாராவது அந்தக் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால், விற்றுக் கொஞ்சம் பணம் பார்த்திருப்பார். டப்மன் இளமையில் தந்தையோடு மரம் வெட்டிய இடம் சதுப்புக்குள்ளேயே கிடந்திருக்கும்.

மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்திலும் இப்படித்தான். 1983-இல் காட்டுத்தீ புல்லை எரித்த பின், தன்னார்வலர்கள் டிடெக்டருடன் வரிசையாக நடந்தார்கள். கிடைத்த தோட்டாக் கூடு ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்தார்கள். கூட்டின் அடியில் பதிந்த தடத்தை வைத்து, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்று தொடர முடிந்தது. 1876-இல் அங்கே கஸ்டர் தலைமையிலான அமெரிக்கப் படையை வென்ற பூர்வகுடி வீரர்களிடம் எத்தனை வகைத் துப்பாக்கிகள் இருந்தன என்பதும் வெளிவந்தது.

“ஆளில்லாத மனை, கேட்க நாதியில்லை”

தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மத்திய அரசு நிலத்திலும் பூர்வகுடி நிலத்திலும் 100 ஆண்டுகளைத் தாண்டிய தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டி எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் உண்டு. சேதம் பெரிதானால் தண்டனையும் கூடும். தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரைப் பயன்படுத்தவே கூடாது. இணையத்தில் கருவி வாங்கும் தமிழ்நாட்டு வாசகருக்கும் ஒரு தகவல்: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மறைத்தால் பங்கு பறிபோகும். ஓராண்டு வரை சிறையும் வரலாம்.

“தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு கூடும்”

நேர்மாறு. பழைய காசின் மேல் படிந்த நிறத்தைத் தேய்த்து எடுத்தால் மேற்பரப்பு கீறிப்போகும். சேகரிப்பவர்கள் உடனே விலையைக் குறைத்துவிடுவார்கள். இரும்பின் கதை வேறு. மண்ணிலிருந்து உப்பை உறிஞ்சிய இரும்பு, வெளியே வந்து காய்ந்ததும் ஏடு ஏடாக உரியத் தொடங்கும். அருங்காட்சியகப் பட்டறைகளில் மின்பகுப்பு மூலம் உப்பை வெளியேற்றிக் காப்பாற்றுகிறார்கள். வீட்டில் அதற்கு வசதி இல்லாதவர், லாடத்தையும் கலப்பைக் கொழுவையும் கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம். எடுத்தே ஆகவேண்டிய பொருள் என்றால், புகைபோக்கியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எத்தனை அடி, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்னென்ன கிடந்தன என்பதைக் குழியை மூடுவதற்கு முன்பே எழுதிப் படமும் எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்று இருக்கிறது. அந்தக் குறிப்பு அங்கே போய்ச் சேர்ந்தால், கணக்கில் வராத ஒரு மனை மாநிலத்தின் தொல்லிடப் பட்டியலில் இடம்பெற வழி பிறக்கும்.