கித்தானில் பூஞ்சணம்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் இருக்கிறது ஹெப்பகோடி. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் இங்கே உண்டு. இதுபோன்ற ஊர்களில் தள்ளுவண்டிக் கடைக்குக் கித்தான்தான் கூரை.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை அடிக்கடி மழை வரும். நனைந்த கித்தானை அப்படியே சுருட்டி வைத்தால் என்ன ஆகும்? சில நாளில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். மக்கிய வாடை வரும். அதுதான் பூஞ்சணம்.

பூஞ்சணம் ஓர் உயிர். ஈரம் இருந்தால் வளரும். பருத்தி நூலையே தின்னும். அதனால் துணி இற்றுக் கிழியும். பிளாஸ்டிக் தார்ப்பாயிலும் பூஞ்சணம் வரும். அங்கே அது படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று வளரும்.

எப்படிப் போக்குவது?

1. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கித்தானை வெட்டவெளியில் விரித்து, பிரஷ்ஷால் தேய்த்துத் தட்ட வேண்டும்.

2. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

3. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, கறை மேல் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் ஊறட்டும். சாயத் துணியானால், முதலில் ஒரு மூலையில் ஊற்றிப் பார்ப்பது நல்லது.

4. நன்றாக அலசி, நல்ல வெயிலில் இருபுறமும் காயவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் லேசாகக் கறை தெரியலாம். கவலை வேண்டாம். வாடை போய், புதுப் புள்ளி வராமல் இருந்தால் போதும். துணி உழைக்கும்.

எச்சரிக்கை!

சிலர் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அதுவும் பூஞ்சணத்தைக் கொல்லும். ஆனால் சாயம் வெளுக்கும். அடிக்கடி போட்டால் நூல் நைந்துபோகும்.

"இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்றாகப் போகுமே" என்று வினிகரோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிடோடும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கண் எரியும். மூச்சுத் திணறும். உயிருக்கே ஆபத்து. கலந்துவிட்டால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு விலகிப் போக வேண்டும்.

புட்டியிலும் பாக்கெட்டிலும் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். எழுத்துக் கூட்டியாவது அதைப் படித்த பிறகே திறக்க வேண்டும்.

வராமல் தடுக்க முக்கிய வழி: ஈரத் துணியைச் சுருட்டக் கூடாது. இரவில் மழை பெய்தால் கொடியில் விரித்துப் போடலாம். காலையில் வெயில் வந்ததும் காயவைக்கலாம்.

பேசிப் பார்ப்போம்

• பூஞ்சணம் எதைத் தின்று வளர்கிறது?
• எவற்றை ஒன்றாகக் கலக்கக் கூடாது? ஏன்?
• உங்கள் வீட்டில் உள்ள ஒரு புட்டியில் என்ன எச்சரிக்கை எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்.