ராணுவத்தார் வீட்டுப் பிள்ளைகளின் நர்சிங் படிப்பு

முன்னாள் ராணுவ வீரரின் மகளான அடையாறு சகோதரி ஒருவர், எம்.எஸ்ஸி. நர்சிங் கட்டணத்துக்கு உதவி கேட்டு எங்களிடம் வந்தார். பி.எஸ்ஸி. படித்தபோது பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லையாம். அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

கேந்திரிய சைனிக் போர்டு வழங்கும் இத்தொகை பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு ஒரு பெண்ணுக்கு 1,44,000 ரூபாய் வரும். ஆனால் முதலாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும், எம்.எஸ்ஸி.க்குக் கிடையாது. எனவே மேற்படிப்பை நினைப்பவர்கள் பி.எஸ்ஸி.யிலேயே இதைப் பெற்று, வீட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். எம்.எஸ்ஸி.யில் சேர ஓராண்டுப் பணி அனுபவமும் தேவை. அந்தச் சம்பளமும் கைகொடுக்கும்.

ஹவில்தார், அதற்குக் கீழான பதவியில் இருந்தவரின் விதவை மனைவி மேற்படிப்பு படித்தால், அதே போர்டில் மாதம் 2,000 ரூபாய் தனியாக உண்டு. சிறு தொகைதான், பஸ் செலவுக்காவது ஆகும்.

அரசிடம் கிடைப்பதைப் பெற்றபின் குறைவதற்கே ஜகாத் நிதி என்பது எங்கள் கருத்து. மகள் கல்லூரியில் சேர்ந்த வாரமே, தந்தையின் டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.