தீனியும் சினையும்

கன்றீன்று பல மாதங்கள் கழிந்தும் பசு வேட்கை கொள்ளாதிருப்பின், அதனை மலடென்று ஒதுக்கிவிடுதல் நம்மிடையே உள்ள வழக்கம். யான் சிறுவனாயிருந்த காலத்தில் எம் வீட்டுத் தொழுவத்திலும் இவ்வாறு நிகழ்ந்தது. இருமுறை ஈன்று நன்கு கறந்த பசுவொன்று மூன்றாம் ஈற்றின் பின் விலாவெலும்பு தெரிய மெலிந்தது. ஓராண்டு காத்திருந்தும் சினைப்படவில்லை. விலைபேசி ஓட்டிச் சென்றனர். அவ்வாண்டு மழை பொய்த்தமையால் வைக்கோலும் அரிதாயிருந்ததை எவரும் எண்ணினாரல்லர். அப்பசுவுக்கு நேர்ந்தது பெரும்பாலும் பசியே என்பதைப் பிற்காலத்தில் நூல்களைக் கற்றபோதே உணர்ந்தேன். அவ்வாறு கற்றதைக் கால்நடை வளர்ப்போர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

உண்ட உணவை விலங்கின் உடல் ஓர் ஒழுங்குப்படியே செலவிடுகின்றது. மூச்சு, குருதியோட்டம், உடல் வெப்பம் என்பன முதலில் வேண்டியதைப் பெறும். அடுத்து, இளமையாயின் வளர்ச்சியும், ஈன்றதாயின் பாலும் பங்கு பெறும். புதிய கருவைத் தாங்கும் வேலை இறுதியிலேயே வரும். கையிலுள்ள கன்றுக்கே பால் போதாதபோது மற்றொன்றைச் சுமவாதிருத்தல் இயற்கை வகுத்த காப்பேயாம்.

உணவின் நிறைவையும் குறைவையும் சூலகம் எவ்வாறு அறிகின்றது? மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி ஓர் ஓமோனை விட்டுவிட்டுச் சுரக்கின்றது. அவ்வோமோனின் அமைப்பு 1971ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதனை ஆராய்ந்த கில்லெமின், ஷாலி ஆகிய இருவரும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இவ்வோமோன் கபச்சுரப்பியைத் தூண்ட, அது லூட்டினாக்கும் ஓமோனை அவ்வாறே விட்டுவிட்டு வெளியிடும். அத்தூண்டல் அடுத்தடுத்து நிகழின், சூலகத்திலுள்ள புடைப்பு முதிர்ந்து ஈஸ்திரசனைச் சுரக்கும், பசு வேட்கை கொள்ளும், முட்டை வெளிப்படும். முட்டை நீங்கிய இடத்தில் தோன்றும் மஞ்சட்சடலம் புரோஜெஸ்திரோனைச் சுரந்து கருவைக் காக்கும்.

தீனி குறையுமிடத்துக் குருதியில் குளுக்கோசும் இன்சுலினும் தாழும். உடற்கொழுப்பிலிருந்து வரும் இலெப்ரினும் குறையும். 1994இல் கண்டறியப்பட்ட இவ்வோமோன் உடலின் சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவிக்கும் தூது போன்றது. இத்தூதுகள் குன்றவே லூட்டினாக்கும் ஓமோனின் தூண்டல்கள் அரிதாகும். புடைப்புகள் தோன்றினும் முதிராது அழியும். அந்நிலையில் சூலகம் உறங்குகின்றதேயன்றி இறந்துபடவில்லை.

ஈன்ற பசுவிடம் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். ஈன்ற சில கிழமைகளில் பால் உச்சநிலையை எட்டும். உண்ணும் ஆற்றலோ அதன் பின்னரே உச்சமடையும். இடையில் நேரும் பற்றாக்குறையைப் பசு தன் கொழுப்பைக் கரைத்தே ஈடுசெய்கின்றது. ஆண்டுக்கொரு கன்று வேண்டுமாயின், சினைக்காலம் ஏறத்தாழ 280 நாளாதலால், ஈன்ற 85 நாளுக்குள் அது மீண்டும் சினைப்படல் வேண்டும். சேமிப்பில்லாத பசுவுக்கு இஃது இயலுமோ? ஆகவே, ஈன்றபின் மட்டும் புண்ணாக்கும் தவிடும் மிகுதியாக இடுதல் காலங்கடந்த செயலாம். முதுகு, இடுப்பு, வாலடி ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, மிக மெலிந்ததற்கு 1 முதல் மிகக் கொழுத்ததற்கு 5 வரை புள்ளியிடும் முறை ஒன்றுண்டு. ஈனும்போது பசு 3 என்னும் அளவிலோ சற்று மேலாகவோ இருத்தல் நன்று. அளவிறந்து கொழுத்த பசுவும் ஈன்றபின் தீனியை வெறுத்து, ஈரலிற் கொழுப்புப் படிந்து அல்லலுறும்.

மிகுதியும் தீங்காதலை ஆட்டிடத்தும் பன்றியிடத்தும் காணலாம். கடாவோடு சேர்க்குமுன் இரண்டு மூன்று கிழமை செம்மறிகளுக்கு நல்ல மேய்ச்சல் கொடுத்தல் பிரித்தானிய இடையரின் பழைய வழக்கம். மெலிந்திருந்த ஆடுகள் அதனால் மிகுதியான முட்டைகளை வெளியிட்டு இரட்டைக் குட்டிகளை ஈனும். ஆயினும், சேர்ந்தவுடன் அளவுக்கு மீறி ஊட்டினால் ஈரலினூடு பாயும் குருதி பெருகும், ஈரல் புரோஜெஸ்திரோனை விரைந்து அழிக்கும், இளங்கரு சிதையவுங்கூடும். முதன்முறை சினைப்படும் பன்றிக்கும் இவ்வச்சம் உண்டு. முன்னர் நன்மை செய்த தீனியே பின்னர்த் தீமை செய்தல் காண்க.

நாகுகளும் வயதை மட்டும் நோக்கிப் பருவமெய்துவன அல்ல. வளர்ந்த பசுவின் எடையில் பாதியளவையோ சற்றுக் கூடுதலையோ எட்டிய பின்னரே பெரும்பாலும் முதல் வேட்கை தோன்றும். கன்றுக்காலத்திற் பட்டினி கிடந்த நாகு, பருவமெய்தவும் பிந்தும்.

எனவே, தீனியின் அளவைப் போன்றே அதனை இடுங்காலமும் கருதத்தக்கது. கருப்பை நோய், தாதுப்பொருட் குறைவு, வேட்கையைக் கவனியாமை ஆகியனவும் சினைப்படாமைக்குக் காரணங்களாதலால் கால்நடை வைத்தியரின் சோதனையும் வேண்டியதே. ஆயினும், மலடு என்று கூறிக் கயிற்றைப் பிறர் கையிற் கொடுக்குமுன், அவ்வாயில்லாச் சீவனின் விலாவையும் அதன் தீனித்தொட்டியையும் ஒருமுறை நோக்குவோமாக. எம் வீட்டில் அன்று அங்ஙனம் நோக்குவார் இலராயினர்.