வீடு தேடித் தரும் ஏ.ஐ.: எப்படிப் பேசினால் நம்பலாம்?



பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் டவுனில் வாடகை வீடு தேடும் உறுப்பினர்கள் நம் குழுக்களில் உண்டு. முன்பெல்லாம் தரகரைக் கேட்போம், சொந்தக்காரர்களைக் கேட்போம். இப்போது செல்போனிலேயே "இந்த வாடகைக்குள் வீடு வேணும்" என்று கேட்டால் பதில் சொல்லும் ஏ.ஐ. உதவியாளர்கள் வந்துவிட்டன. ஏ.ஐ. என்றால் செயற்கை நுண்ணறிவு. அமெரிக்காவில் ஜில்லோ என்ற வீட்டு விளம்பர நிறுவனம், நாம் பேசுவது போல எழுதியே வீடு தேடும் வசதியை 2023-இல் தந்தது. 2025 அக்டோபரில் சாட்ஜிபிடி-க்குள்ளேயே அதன் வீடுகளைத் தேடிப் பார்க்கும் வசதியும் வந்தது.

"இதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று நினைக்காதீர்கள். அட்வான்ஸாகக் கொடுப்பது நம் பணம். சிலருக்கு அது குழுக்கடன். இப்படி ஓர் உதவியாளரை எப்படி அமைக்க வேண்டும் என்று தெரிந்தால்தான், நம் கைக்கு வருவது நல்லதா கெட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியும். நான்கு விஷயங்களைப் பார்ப்போம்.

1. முதலில் நம்மைக் கேட்க வேண்டும்

எத்தனை ரூம், எவ்வளவு வாடகை என்பதோடு நிறுத்தினால் போதாது. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது? கரண்டுக்குத் தனி மீட்டரா? மாடிப்படி ஏற முடியாத மாமியார் இருக்கிறாரா? தையல் மெஷின் போடலாமா? நமக்கு வீடு என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எழுதச் சிரமப்படுபவர் வாயால் சொன்னாலும் புரிந்துகொள்ள வேண்டும்.

2. எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும்

ஏ.ஐ. அடுத்து எந்தச் சொல் வரலாம் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் தெரியாத விஷயத்தையும் தெரிந்த மாதிரி அழகாகச் சொல்லிவிடும். "தண்ணீர்ப் பிரச்சனையே இல்லை" என்பது மோசமான பதில். "போர் தண்ணீர் உண்டு என்று வீட்டுக்காரர் போன வாரம் போட்ட விளம்பரத்தில் இருக்கிறது. கோடையில் வருமா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் கேளுங்கள்" என்பது நல்ல பதில். "தெரியாது" என்று சொல்வது குறை இல்லை. அதுதான் நம் பணத்தைக் காப்பாற்றும்.

3. ஆள் பார்த்து வீடு காட்டக் கூடாது

அமெரிக்காவில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 1968-இல் சட்டம் வந்தது. பெண் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 1974-இல் சேர்த்தார்கள். மாற்றுத்திறனாளிகளையும் குழந்தைகள் உள்ள குடும்பங்களையும் 1988-இல் சேர்த்தார்கள். ஏ.ஐ.யின் பேச்சு இந்தச் சட்டத்தை மீறுகிறதா என்று கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை 2024-இல் ஜில்லோ எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது.

நம் பக்கம் "நீங்க என்ன ஆளுங்க?", "வீட்டுக்காரர் கூட இல்லையா?" என்று கேட்பது நமக்குப் புதிதல்ல. மனிதர்கள் எழுதியதைப் படித்துத்தான் ஏ.ஐ. பழகுகிறது. அந்தப் பழக்கமும் அதற்கு ஒட்டிக்கொள்ளும். ஆள் நேரில் மறுத்தால் நம் காதில் விழும். மெஷின் மறுத்தால் அந்த வீடு நம் கண்ணிலேயே படாது. மறுத்ததே நமக்குத் தெரியாது. அதனால்தான் இந்தத் தடுப்பை உருவாக்கும்போதே வைக்க வேண்டும்.

4. பணம் என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டும்

"வீட்டை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்" என்று அதுவே சொல்ல வேண்டும். ஓ.டி.பி. கேட்கவே கூடாது. சந்தேகம் வந்தால் பேசுவதற்கு ஓர் ஆளின் போன் நம்பர் தர வேண்டும். சட்டத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆகவே அந்த வரியைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

குழுவில் செய்து பார்க்க

மெஷினைச் செய்வதற்கு முன், ஓர் ஆளை மறைவில் உட்கார வைத்து மெஷின் மாதிரி பதில் சொல்ல வைத்துச் சோதிப்பார்கள். இந்தச் சோதனைக்கு "விசர்ட் ஆஃப் ஓஸ்" என்று பெயர். நாமும் செய்யலாம். ஒரு சகோதரி சேலைத் திரைக்குப் பின்னால் ஏ.ஐ.யாக உட்காரட்டும். அவர் கையில் ஒரு வீட்டு விளம்பரம் மட்டும் இருக்கட்டும். இன்னொருவர் வீடு கேட்கட்டும். மற்றவர்கள் கவனித்துச் சொல்லுங்கள்:

• நம் தேவையைக் கேட்டாரா?
• விளம்பரத்தில் இல்லாததைச் சொன்னாரா?
• சாதி, மதம், கணவர் பற்றி விசாரித்தாரா?
• பணம் பற்றி எச்சரித்தாரா?

வந்த பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு எந்த உதவியாளர் உங்கள் போனுக்கு வந்தாலும் இதே நான்கு கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். இனிக்க இனிக்கப் பேசுவது வேறு, உள்ளதைச் சொல்வது வேறு. இது தரகருக்கும் பொருந்தும், மெஷினுக்கும் பொருந்தும்.