நெரிசலில் கொதிக்கும் கார்

தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்லும் சாலைகளிலும், தீபாவளிக்கு முன்தினம் டோல் சாவடிகளின் அருகிலும், முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்கள் சிலவற்றை எந்த ஆண்டும் காணலாம். உள்ளிருந்து ஆவி எழும். பெண்டிரும் பிள்ளைகளும் வெயிலில் நிற்பர். தோட்டத்திலிருந்து நெடுந்தொலைவு யாதொரு தொல்லையுமின்றி ஓடி வந்த கார், பட்டணத்து நெரிசலில் சிறிது நேரம் ஊர்ந்ததும் கொதித்துவிடுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை கண்டால், பழுது எங்கே இருக்கிறது என்பதையும் பெரும்பாலும் கண்டுவிடலாம்.

எண்ணெய் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே காரை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு புகையோடு போய்விட, மற்றொரு பங்கை இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொள்கிறது. அந்நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாய்ந்து, காற்றுப் பட்டுக் குளிர்ந்து, மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது. கார் விரைந்து ஓடுகையில் எதிர்க்காற்றே போதுமானது. நிற்கும்போதோ விசிறி ஒன்றே துணை. ஆகவே, ஓடும்போது நன்றாக இருந்து, நிற்கும்போது மட்டும் சூடேறும் காரில் முதலில் ஐயுற வேண்டியது விசிறியையே. நெடுஞ்சாலையில் விரையும்போதும் மேடேறும்போதும் சூடேறினால் காரணம் வேறு: நீர்க்குறைவு, உள்ளே அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த நீர்ப் பம்பு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.

பழைய கார்கள் பலவற்றில் விசிறியை இயந்திரமே பெல்ட்டின் மூலம் சுழற்றும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதே அங்கு முதல் வேலை. பிற்காலத்துக் கார்களில் விசிறிக்குத் தனி மின்மோட்டார் உண்டு. நீரின் வெப்பம் ஏறத்தாழ 95 செல்சியஸ் பாகையை எட்டும்போது அது தானே சுழலத் தொடங்கும். இதனைச் சோதிப்பது எளிது. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, காரை நின்ற நிலையில் ஓடவிடுங்கள். வெப்பம் காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டியும் விசிறி சுழலவில்லையெனில், குளிர்சாதனத்தை இயக்கிப் பாருங்கள். உடனே அதே விசிறி சுழன்றால் மோட்டார் நலமாக உள்ளது. வெப்பத்தை உணர்ந்து அதை இயக்கும் சுவிட்சோ அதன் கம்பியோதான் பழுது. அப்போதும் சுழலவில்லையெனில் பியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்த்துச் செல்லவேண்டும். சில கார்களில் இரண்டு விசிறிகள் உள்ளன. ஒன்று குளிர்சாதனத்துக்கு உரியது. அது சுழல்வதைக் கண்டு மற்றதும் நன்றாக இருப்பதாக முடிவு செய்துவிடக் கூடாது. இயந்திரம் நின்ற பின்னரும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் கையையும் துணியையும் அதன் அருகே கொண்டு செல்லற்க.

விசிறி சுழன்றும் சூடு தணியாவிடில், ரேடியேட்டரின் முகத்தைப் பார்க்கவேண்டும். செம்மண் சாலைகளிலும் செம்பனைக் காட்டு வழிகளிலும் ஓடும் கார்களில் மண்ணும் பூச்சிகளும் புல்விதைகளும் தகடுகளின் இடையே அப்பிக்கொள்கின்றன. குளிர்சாதனத்தின் தகடு ரேடியேட்டருக்கு முன்னே நிற்பதால், இரண்டுக்கும் இடையில் சேரும் குப்பை வெளியே தெரிவதில்லை. இயந்திரம் ஆறிய பிறகு, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெல்ல நீர் பாய்ச்சிக் கழுவினால் பெரும்பகுதி நீங்கிவிடும். வேகமாக நீரை அடித்தால் தகடுகள் வளைந்துவிடும்.

எவரும் பொருட்படுத்தாத உறுப்பு ஒன்றுண்டு. அது ரேடியேட்டரின் மூடி. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். மூடியிலுள்ள வில், சதுர அங்குலத்துக்குச் சுமார் 13 பவுண்டு அழுத்தத்தை உள்ளே காத்து நிற்பதால், அதே நீர் ஏறக்குறைய 119 பாகை வரை கொதிப்பதில்லை. மூடியின் ரப்பர் வெடித்துப்போனால் இப்பாதுகாப்பு அற்றுவிடும். அவ்வாறாயின் மூடியை மாற்றினாலே போதும். செலவு மிகச் சிறிது. சூடான ரேடியேட்டரைத் திறக்கலாகாது என்பதற்கும் இவ்வழுத்தமே காரணம். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் நீங்க, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சீறி, முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். குறைந்தது அரைமணி நேரமாவது காத்திருந்து, மேற்குழாய் தொடும் அளவுக்கு ஆறிய பின்னரே, தடித்த துணி கொண்டு சிறிது சிறிதாகத் திருகவேண்டும்.

சாலையில் முள் சிவப்பை நெருங்கினால் குளிர்சாதனத்தை நிறுத்தி, பத்திரமான ஓரத்தில் காரையும் நிறுத்திவிடுவதே தக்கது. உள்ளறையை வெப்பமூட்டும் சாதனத்தை இயக்கி இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கலாம் என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் கூறும். நம் நாட்டில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் அச்சாதனமே கிடையாது! கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்க நேரும். ஆறிய பின் குடிநீர் ஊற்றி வீடு சேரலாம். ஆயினும் துருவைத் தடுக்கும் கூலண்டைப் பிறகு நிரப்பிவிடவேண்டும். கிணற்று நீரையே நிரந்தரமாக ஊற்றி வந்தால் குழாய்கள் அடைபடும்.

"இது வெப்பநாடு, தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பட்டறைகள் இன்றும் உண்டு. இது சரியான வைத்தியமன்று. தெர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் உரிய சூட்டை அடையத் தாமதமாவதால் எண்ணெய்ச் செலவும் தேய்மானமும் கூடும். சிலவகை இயந்திரங்களில் நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்குவழியில் திரும்பி, சூடு முன்னிலும் அதிகமாகும். ஐயமிருந்தால் அதை நூலில் கட்டிப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். பெரும்பாலானவை 82 அல்லது 88 பாகையளவில் திறக்கத் தொடங்கும். நீர் கொதித்தும் திறவாதது பழுதானது.

பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டு செல்ல வீட்டில் ஒரே கார் இருக்கும்போது, சிவப்பு முள்ளோடு "இன்னும் இரண்டு கல்தானே" என்று ஓட்டுவது பெருஞ்சேதத்தில் முடியக்கூடும். அலுமினியத் தலைப்பகுதி கோணி, கேஸ்கெட் எரிந்துவிட்டால், ஒரு சுவிட்சோடு முடிந்திருக்கவேண்டிய செலவு இயந்திரத்தைப் பிரிக்கும் செலவாக வளர்ந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்போன்ற படிவு, புகைக்குழாயில் இடைவிடாத வெண்புகை, ரேடியேட்டர் நீரில் ஓயாத குமிழிகள் ஆகியவை அதற்கு அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், இயந்திரத்தை மீண்டும் முடுக்காமல், இழுவை வண்டியை அழைத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.