மருதையாற்றுக் கதையைக் கேட்க ஓர் ஆள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரியலூரில் அறுபதைத் தாண்டிய எவரும் பிறந்த வீட்டைவிட்டு ஓரடி நகராமலே நான்கு தடவை மாவட்டம் மாறியவர்தான். பிறந்தபோது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரியில் அரியலூர் மாவட்டம். அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் அரியலூர். இத்தனை பெயர்ப்பலகை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை: காலையில் அவர் வரும்போது டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிற இரண்டு பேர். தனக்கு ஊர் எது என்று அவருக்குத் தெரிவது அந்த இடத்தில்தான். அந்த இரண்டு பேரைப் பற்றி நம் வீடுகளில் யாரும் கவலைப்படுவதில்லை. மாத்திரை தீர்ந்ததா என்று கேட்போம். சிநேகிதர் செத்துப்போன பிறகு யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்கமாட்டோம். அதற்குக் காரணமான சில நம்பிக்கைகள் இங்கே.

"புள்ளைங்களோட இருக்கிறவருக்குத் தனிமை ஏது?"

தனியாகக் குடியிருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. 2011-இல் இந்தியாவின் ஏழு மாநிலங்களில் முதியோரைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. தனியாக வாழும் முதியோரின் விகிதம் அந்த ஏழில் தமிழ்நாட்டில்தான் அதிகம். இதைப் படித்ததும் 'அய்யோ பாவம்' என்று உச்சுக்கொட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நம் கிராமங்களில் தனியாக இருக்கிற கிழவிகளில் பலர் மகன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தனி அடுப்பு வைத்துக்கொண்டவர்கள். தன் உலை, தன் பூட்டு, தன் வெற்றிலைப் பை. பொழுது சாய்ந்தால் எதிர்வீட்டு வாசலில் கூட்டாளிகள். அந்தக் கிழவி தனியாள், சரி. தனிமைப்பட்டவள் என்று யார் சொன்னது?

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அம்மா போன பிறகு அப்பாவைத் தாம்பரத்துக்கோ கோயம்புத்தூருக்கோ கூட்டிப்போய் அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல பிள்ளைகள், வேளைக்குச் சோறு, தனி அறை, டிவி. ஆனால் அவர் மனசில் கிடக்கிற கதையைக் கேட்க ஆள்? 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அந்தக் கதையைப் பேரனிடம் சொன்னால் பொதுஅறிவுக் கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி தலையாட்டுவான். பழைய கூட்டாளியிடம் சொன்னால், "இல்லடா, அன்னிக்கு மழை ராத்திரியே பிடிச்சிருச்சு" என்று குறுக்கே விழுந்து திருத்துவார். நினைவு உயிரோடு இருக்க அப்படிக் குறுக்கே விழுகிற ஆள் வேண்டும். மகனால் அது முடியாது. அவன் அன்று பிறக்கவே இல்லை.

"வயசானவங்கள வேலைக்கு அனுப்புறது குடும்பத்துக்குக் கேவலம்"

நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது நிறைந்தால் போதும் என்றது. மேல்வரம்பு எதுவும் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள், அதிலும் தலை நரைத்தவர்கள் நிறைய. மண்வெட்டி, பாண்டு, தூக்குவாளி. பணித்தளப் பொறுப்பாளர் வருகையைக் குறித்துக்கொண்டதும் பேச்சு ஆரம்பமாகும்: யார் மருமகள் எதைச் சொன்னாள், யாருக்குக் கண் ஆபரேஷன், எந்த வீட்டில் காதுகுத்து. தெருவும் சாதியும் பிரித்து வைத்திருந்த பெண்கள் முதல் முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் சோறு தின்றது பல ஊர்களில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில்தான். 'வேலையே நடப்பதில்லை, சும்மா உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்' என்று பட்டணத்தார் கிண்டல் செய்தார்கள். வெட்டிய வாய்க்காலின் நீளத்தை அளந்தவர்களுக்கு அந்தக் கதையின் மதிப்பு கணக்கில் வராது.

இதை அழகுபடுத்திச் சொல்லவும் எனக்கு மனமில்லை. எழுபது வயதில் வெயிலில் மண் சுமப்பவர்களில் பாதிப் பேர் கூட்டாளிக்காக வரவில்லை, வயிற்றுக்காக வருகிறார்கள். 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2023-இல்தான் 1,200 ரூபாய் ஆனது. அது எத்தனை நாளைக்குக் காணும்? ஆனாலும் 'இனிமேல் போக வேண்டாம், நான் பணம் தருகிறேன்' என்று மகன் சொன்ன பிறகும் போகிற அம்மாக்கள் உண்டு. "வூட்டுல குந்திக்கிட்டு செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்பது அவர்கள் கேட்கிற கேள்வி. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் ஆயும் இடத்திலும், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்திலும் இதே கேள்விதான் காதில் விழும். மரியாதை என்ற பெயரில் உட்காரவைத்துவிட்டால் கூலியோடு கூட்டமும் போய்விடுகிறது.

"இந்த வயசுல புதுசா என்ன சிநேகம்?"

வயது ஏற ஏறப் பழகுகிற ஆட்களின் எண்ணிக்கை குறைவது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி அவர்களே கழித்துக்கட்டியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டு ஆராய்ந்து சொன்னது இது: மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தெரிந்தவர்கள் ஒப்புக்குப் பழகுவதை விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்தவர்களிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். புதிதாக ஒட்டவும் செய்கிறார்கள், ஒட்டுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால். ஓய்வூதியர் சங்கம் அப்படி ஒரு சாக்கு. 1982 டிசம்பர் 17 அன்று, நகரா என்பவர் தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை இல்லை, அது உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாளை இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அகவிலைப்படி நிலுவைக்காகச் சந்தா கட்டிச் சங்கத்தில் சேருவார்கள். வேலையில் இருந்தபோது முகம் பார்த்துப் பேசாத தாசில்தார் ஆபீஸ்காரரும் நெடுஞ்சாலைத் துறைக்காரரும் இரண்டு வருடத்தில் ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் மாலை வாங்கிப் போவார்கள். ஓய்வூதியம் இல்லாத விவசாயிக்கு இந்தச் சங்கமும் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும்.

"முதியோர் இல்லம்னா விட்டுட்டுப் போன இடம்"

சில இடங்கள் அப்படித்தான். எல்லாம் அப்படி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்பேஜ் இந்தியா அமைப்பு தமிழகக் கடற்கரையில் முதியோருக்கென்றே சுய உதவிக் குழுக்களை அமைத்தது. சேமிப்பு, கடன், மாதக் கூட்டம் எல்லாம் கிழவன் கிழவிகள் கையில். அரியலூருக்கு அடுத்த கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் என்று முதியோர் கிராமம் ஒன்றையும் கட்டியது. சிறு சிறு வீடுகள். தெம்பு இருக்கிறவர் இல்லாதவரைப் பார்த்துக்கொள்கிறார். ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிற இடத்தில் யாரும் 'விட்டுட்டுப் போன ஆள்' இல்லை.

"தனிமை கிழவர்களோட வியாதி"

2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். அதிகம் வாடுவது 13 முதல் 29 வயதுக்காரர்கள். தாத்தாவுக்குப் பெஞ்ச் இருக்கிறது. பேரனுக்கு?

"ஆம்பளைக்கு என்ன, எங்க வேணா போவான்"

கடைசியாக இது. 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. பெரம்பலூருக்குப் பக்கத்துச் சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் காலையில் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் நின்றால், பக்கத்து ஊர்களிலிருந்து பூக்கூடையோடு வந்து சேர்கிற பாட்டிகளைப் பார்க்கலாம். சாமி கும்பிடக் கால் மணி நேரம், பேச்சு மீதிப் பொழுது. தாத்தாக்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. அவர்களுக்குக் கட்டணம் உண்டு. அதைவிட, யாரையாவது பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லக் கூச்சம். பேங்குக்கு, உரக்கடைக்கு, ரேஷனுக்கு என்று ஏதாவது வேலையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். போய்ப் பார்த்தால் பெஞ்சில் இருப்பார்கள்.