பவுண்டன் பேனாவின் மையோட்டம்

பனையோலையில் எழுதிய நம் முன்னோர்க்கு மையோட்டத்தைப் பற்றிய கவலை இருந்ததில்லை. அவர்கள் முதலில் எழுத்தாணியால் எழுத்தைக் கீறினர். பின்னரே கரி முதலியவற்றைப் பூசி அக்கீறல்களை விளங்கச் செய்தனர். நாம் கையாளும் பவுண்டன் பேனாவிலோ எழுத்தும் மையும் ஒருங்கே பிறத்தல் வேண்டும். மை பிந்தினால் எழுத்து மறையும். முந்தினால் ணகர னகரங்களின் சுழிகள் அடைபட்டுப்போகும். மையோட்டம் தடைப்படுவது ஏன், அதனை நீக்குமாறு யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன். கிராமப் பள்ளியில் ஆசிரியராயிருக்கும் என் தந்தையார், நான் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில், தாம் இருபதாண்டு எழுதிய பேனாவை என் கையில் தந்தனர். தேர்வொன்றில் சொல்லதிகார வினாக்களுக்கு விடை எழுதுகையில், இரண்டாம் பக்கத்தில் அப்பேனா நின்றுவிட்டது. உதறினேன்; விடைத்தாளில் மை சிந்தியதே கண்ட பயன். மேற்பார்வையாளர் இரங்கித் தந்த பேனாவால் தேர்வை முடித்தேன். அன்றிரவு விடுதியறையில், சினம் தணியாதவனாய், சவர பிளேடொன்றை நிப்பின் பிளவினுள் நுழைத்து அகற்றினேன். அச்செயலின் விளைவைப் பின்னர்க் கூறுவேன்.

பேனாவின் உறுப்புக்களுள் மையோட்டத்திற்கு உரியவை மூன்று: மை நிற்கும் குழல், நாக்கட்டை, நிப்பு. நிப்பின் அடியில் அதனை ஒட்டிக் கிடப்பது நாக்கட்டை. அதன் மேற்புறத்தில் மயிரிழை போன்ற சால்கள் உள. பல பேனாக்களில் அடிப்புறத்தில் சீப்பின் பற்கள் போன்ற வெட்டுக்களும் காணப்படும். மிகுந்து வரும் மையைத் தேக்கி வைப்பன அவை. அமெரிக்க நாட்டு லூயிஸ் எட்சன் வாட்டர்மன் என்பார் 1884-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பேனாவின் சிறப்பும் இந்நாக்கட்டையின் அமைப்பேயாகும்.

மை ஓடுவதற்கு இரண்டு செயல்கள் நிகழவேண்டும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, நாக்கட்டையின் சால்களும் நிப்பின் பிளவும் மையைத் தம்பால் இழுத்துக்கொள்வது ஒன்று. இடைவெளி குறுகுந்தோறும் இவ்விழுப்பு வலிமை பெறும். ஆதலின் நல்ல நிப்பின் பிளவு நுனியை நோக்கிக் குறுகியே செல்லும். வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று உட்புகுவது மற்றொன்று. குறுவாய்ச் சீசாவைக் கவிழ்த்தால், காற்று உட்சென்றாலன்றி எண்ணெய் வாராது நிற்பதை வீட்டில் யாவரும் கண்டிருப்போம். பேனாவும் அத்தன்மையதே. ஆகவே, மை நின்றவிடத்து, "மை வரும் வழி அடைபட்டதா? காற்றுப் புகும் வழி அடைபட்டதா?" என்று வினவுதல் வேண்டும்.

இனிக் குறைகளை வகைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, பேனா சிறிதும் எழுதாமை. பன்னாள் மூடிக் கிடந்த பேனாவில் நீர் வற்றிச் சாயம் உறைந்துவிடும். குழலைக் கழற்றி, நிப்பும் நாக்கட்டையும் அமைந்த கழுத்தை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீர் வருமளவும் கழுவுக. வெந்நீர் ஆகாது; அது எபோனைட்டின் நிறத்தைக் கெடுக்கும், பிளாஸ்டிக்கை வளைக்கும். ஸ்பிரிட்டும் சிலவகைப் பிளாஸ்டிக்குகளைக் கெடுக்குமாதலின் அதனையும் விலக்குக.

இரண்டாவது, எழுதத் தொடங்குங்கால் மை வாராமை. மூடி இறுகப் பொருந்தாவிடில் நுனியிலுள்ள மை உலர்ந்துவிடும். இக்குறை தமிழெழுத்திற்குப் பெருங்கேடு செய்வது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிடும் வழக்கமின்மையால், மெய்யோ உயிர்மெய்யோ என்று பதிப்பாசிரியர்கள் இடமறிந்து துணியவேண்டியிருந்தது. புள்ளியென்பது நுனியால் ஒருகால் தொடும் தொடுகையே. அத்தொடுகையில் மை பிந்துமாயின், நம் விடைத்தாளும் திருத்துவோர்க்கு ஓர் ஓலைச்சுவடியாகிவிடும்.

மூன்றாவது, நடுவே விட்டுவிட்டு எழுதுதல். ஈண்டுப் பேனாவைப் பழிப்பதற்கு முன் தாளை நோக்குக. கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் மை பற்றாது. கையின்கீழ் ஒரு துண்டுத் தாளை வைத்தெழுதின் இது நீங்கும். புதிய பேனாவாயின், செய்யுங்கால் ஒட்டிய எண்ணெய் உள்ளே தங்கியிருத்தல் கூடும். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு துளி கலந்த நீரால் கழுவிப் பின் நல்ல நீரால் அலசுக.

நான்காவது, ஒன்றிரண்டு பக்கம் நன்றாக எழுதிப் பின் வறண்டுபோதல். இது பெரும்பாலும் நிப்பின் குற்றமன்று. சால்களில் தூசியோ தாளின் நாரோ சிக்கினால், மை செலவாகும் அளவிற்கு ஈடாக வரவு இராது. முன்னரே தேங்கிய மை உள்ளவரை எழுதும். அது தீர்ந்ததும் நிற்கும். நாக்கட்டையை வெளியே எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் சால்களை மெல்லத் தேய்த்துக் கழுவுதலே இதற்கு மருந்து.

ஐந்தாவது, பேனா கக்குதல். குழலில் மை குறைந்தவிடத்துக் காற்று மிகும். கையின் சூட்டால் அக்காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். ஆதலின் பில்லரால் மை நிரப்பும் பேனாவை, கால்பங்கு மை எஞ்சியிருக்கும்போதே மீண்டும் நிரப்புதல் நன்று. மரை வழியே கசியுமாயின், பள்ளிச் சிறுவர் நூல் சுற்றுவர்; சிலிக்கோன் கிரீஸைச் சிறிது தடவுதல் அதனினும் மேலானது.

மையைப் பற்றியும் ஒரு சொல். படம் வரையும் இந்தியன் இங்க்கைப் பவுண்டன் பேனாவில் ஊற்றலாகாது. அதிலுள்ள அரக்கு முதலிய பசைகள் உலர்ந்தபின் நீரிற் கரையா. இருவேறு மைகளைக் கலத்தலும், அடியில் வண்டல் படிந்த பழைய மையை வழித்து நிரப்புதலும் தவிர்க்கத்தக்கன.

இவையெல்லாம் பார்த்த பின்னரே நிப்பைத் தொடவேண்டும். இரு பிரிவுகளும் ஒரே மட்டத்தில் உளவா என்று பூதக்கண்ணாடியால் நோக்கி, மேலேறிய பிரிவை நகத்தால் மெல்லத் தாழ்த்துதல் வரையில் நாம் செய்யலாம். அதற்குமேல் பழகிய கைக்கே உரியது. தாள், மை, கழுவுதல், நாக்கட்டை, நிப்பு என்பதே முறை. கெட்டால் மீளாதது எதுவோ அதனைக் கடைசியில் தொடுதல் இதன் கருத்து.

நான் இம்முறையைத் தலைகீழாகச் செய்தேன். பிளேடு நுழைந்தபின் நிப்பின் நுனி அகன்றது. மை ஒருகால் நுனியை எட்டாது நின்றது, மறுகால் அழுத்தியவுடன் கொட்டியது. கடைத்தெருவில் பேனா பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் நாக்கட்டையை உருவி, சாலில் உறைந்திருந்த தாள்நார் ஒன்றை ஊசிமுனையால் எடுத்துக் காட்டினார். "தம்பி, குற்றம் இவ்வளவுதான். நிப்பு ஒன்றும் செய்யவில்லையே" என்றார். புதிய நிப்பு இட்டுத் தந்தார். பேனா இப்பொழுது நன்றாகவே எழுதுகின்றது.

எனினும், இருபதாண்டு எழுதி எழுதி என் தந்தையாரின் கைச்சாய்விற்கு ஏற்பத் தேய்ந்திருந்த நுனி அது. அதனை ஒரு தீப்பெட்டியில் இட்டு வைத்திருக்கின்றேன். விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது தந்தையாரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் பேனாவை வாங்கி இரண்டு வரி எழுதிப் பார்த்தார். "இனி இது உன் கைக்குத் தேயட்டும்" என்று கூறித் திருப்பித் தந்தார். அன்றுமுதல் திங்கள்தோறும் ஒருமுறை அதனைக் கழுவி வருகின்றேன்.